நம் விளக்கும் அடுத்தவர் இருட்டும்

அமெரிக்க முகாம் தளங்களில் இன்று ஓயாமல் எழும் சச்சரவுகளில் ஒன்று விளக்கைப் பற்றியது. ஆர்.வி. என்று அங்கே அழைக்கப்படுவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய வீட்டு வண்டி. நம் படப்பிடிப்புத் தளங்களில் கேரவன் என்ற பெயரில் நிற்பதும் ஏறக்குறைய அதே வகைதான். வண்டியின் பக்கவாட்டில் விரியும் பந்தலின் விளிம்பில் எல்.இ.டி. சரம், வண்டிக்கு அடியில் நீலமோ பச்சையோ ஒளிரும் பட்டை, வாசலுக்கு மேல் ஒரு வெள்ளை விளக்கு என்று பலரும் அலங்கரிக்கிறார்கள். உரிமையாளர் உள்ளே போய்த் தூங்கிவிடுகிறார். விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கமும் இல்லை, வானத்து நட்சத்திரங்களும் இல்லை. இதைப் பற்றிக் குறைப்படுபவர்களில் பலர், முன்பெல்லாம் முகாம்களில் மரியாதை இருந்தது, இப்போது அது போய்விட்டது என்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முகாம்களில் இருட்டு நிலைத்ததற்கு முதற்காரணம் வெளிச்சத்துக்கு இருந்த விலை. பண்பு அதற்கு அடுத்தபடிதான். அந்த விலை மறைந்துவிட்ட நிலையில், இதுவரை சொல்லத் தேவைப்படாத ஒரு வழக்கத்தை இனி வெளிப்படையாகச் சொல்லி, எழுதிவைத்து நிலைநிறுத்த வேண்டும் என்பதே என் வாதம்.

கார் எடுத்துக்கொண்டு போய் வெளியில் தங்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவலானது ஃபோர்டு மாடல் டி காருக்குப் பிறகு. 1908-இல் சந்தைக்கு வந்த அந்தக் கார் 1927-இல் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. நடுத்தரக் குடும்பங்கள் கூடாரத்தைக் காரோடு கட்டிக்கொண்டு கிளம்பின. ஆரம்பத்தில் அவர்கள் சாலையோரத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் விவசாயிகளின் நிலத்திலும் தங்கினார்கள். குப்பையும் திருட்டும் புகாராக வரவே, நகராட்சிகள் தாமே இலவச முகாம்களைத் திறந்தன. வந்தவர்கள் ஊர்க் கடைகளில் செலவழிப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் கூடிய பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தை அமைத்து, காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவை அடையாளமாகப் பொருத்திக்கொண்டார்கள். அந்தக் கால முகாம்களில் இருந்த வெளிச்சம் விறகு நெருப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு கோல்மன் விளக்கு. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் வில்லியம் காஃபின் கோல்மன் நடத்திய நிறுவனம் 1914-இல் கொண்டுவந்த அந்த விளக்கு, நம் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் வந்த பெட்ரோமாக்ஸுக்கு நெருங்கிய உறவு. காற்றடிக்க வேண்டும், மேண்டில் தொட்டால் உதிர்ந்துவிடும், எரியும்போது இரையும், எரிபொருள் தீரும். தேவை முடிந்ததும் அணைத்துவிடுவதே அதை வைத்திருப்பவருக்கு லாபம்.

அந்த மனிதர்கள் இருட்டை விரும்பியதால் இருட்டில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்குத் தாமஸ் எடிசனே சான்று. அவரும் ஹென்றி ஃபோர்டும் டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸும் 1910-களின் நடுவில் தொடங்கி முகாம் பயணங்கள் சென்றார்கள். பர்ரோஸ் 1921-இல் இறந்தார். பயணங்கள் 1924 வரை நீடித்தன. நாகரிகத்தின் சுமைகளை விட்டுக் காட்டுக்குப் போகும் பயணமாக அது பத்திரிகைகளில் பேசப்பட்டது. ஆனாலும் எடிசனின் சேம பேட்டரிகளால் அந்த முகாமில் மின்விளக்குகள் எரிந்தன. அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட மின்சாரம் இல்லாத காலம் அது. வசதி உள்ளவன் காட்டிலும் விளக்கைக் கொண்டுபோனான். வசதி இல்லாதவன் நெருப்பு அணைந்ததும் படுத்தான். வெளிச்சத்தின் மீதான ஆசை முதல் தலைமுறையிலேயே இருந்தது, அதற்கான சாதனம்தான் எல்லோர் கைக்கும் எட்டவில்லை.

அடுத்தவரோடு இடைஞ்சல் இல்லாமல் தங்குவது எப்படி என்ற கேள்விக்கு முதன்முதலில் திட்டமிட்ட விடை தந்தவர் எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியல் அறிஞர். கலிஃபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் கார்களும் கூடாரங்களும் இஷ்டத்துக்கு நின்றதால் மண் இறுகி, மரங்களின் வேர் மூச்சுவிட முடியாமல் போவதை 1928-இல் அவர் ஆராய்ந்து எழுதினார். 1932-இல் முகாம் தளங்களுக்கான கொள்கை ஒன்றை வகுத்தார். ஒரே திசையில் சுற்றிவரும் பாதை, அதிலிருந்து கிளைக்கும் கார் நிறுத்துமிடம், அசைக்க முடியாத மேசை, நிலையான அடுப்பு, மனைக்கு மனை இடையில் செடிகொடிகளின் திரை என்பது அவர் வகுத்த அமைப்பு. 1933-க்குப் பிறகு ரூஸ்வெல்ட் அரசின் சி.சி.சி. இளைஞர் படை நாடெங்கும் இந்த முறையில் தளங்களைக் கட்டியது. இன்றும் அமெரிக்க அரசு முகாம்களில் நுழைந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் மைனெக்கேயின் வரைபடமே. மரத்தைக் காக்கப் போட்ட திட்டம் மனிதருக்கும் தனிமையைக் கொடுத்தது. பலகை வைத்துச் சொல்ல வேண்டிய ஒழுக்கத்தில் பாதியை மண்ணும் புதரும் சொல்லிவிட்டன. ஆனால் அது தரையில் எரியும் நெருப்புக்கும் மேசைமேல் வைத்த விளக்குக்கும் போதுமான தடுப்பு. வீட்டு வண்டியின் பந்தல் விளக்கு ஆள் உயரத்துக்கும் மேலே தொங்குகிறது. மார்பளவுப் புதரால் அதை மறைக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வண்டிகள் பெருத்தன. போருக்கு முன்பே, 1936-இல், வாலி பையம் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற இழுவை வண்டி அதற்கு ஒரு தொடக்கம். 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸில் டேவ் டிரம் தொடங்கிய கே.ஓ.ஏ. நிறுவனம் தனியார் முகாம்களை ஒரு தொடர் வணிகமாக்கியது. 1966-இல் ஐயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியிலிருந்து வின்னிபேகோ மோட்டார் வீடுகள் வரத் தொடங்கின. இவற்றோடு முகாமுக்கு வந்த புதிய தொல்லை சத்தம். ஜெனரேட்டரின் உறுமல் எந்தப் புதருக்கும் அடங்கவில்லை. அதனால் சத்தத்துக்குச் சட்டம் வந்தது. தேசியப் பூங்காக்களுக்கான கூட்டாட்சி விதிகளின்படி முகாம்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நியாயமற்ற சத்தம் எழுப்புவது குற்றம். இயந்திரங்களின் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. நேரம், தூரம், அளவு மூன்றும் எண்ணாக எழுதப்பட்டன. வெளிச்சத்துக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் அப்படியொரு எண் முகாம் விதிகளில் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் பேட்டரியின் கணக்கு விளக்குகிறது. பழைய வண்டிகளின் வாசலில் எரிந்த 12 வோல்ட் குமிழ் விளக்கு சுமார் 18 வாட் குடிக்கும். 80 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் செலவழிக்கலாம். பத்து மணி நேரம் அந்த ஒற்றை விளக்கு எரிந்தால் அந்தப் பாதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். தண்ணீர் பம்புக்கும் குளிரில் ஹீட்டர் விசிறிக்கும் மிஞ்சுவது அந்த அளவுக்குக் குறையும். ஆகவே விளக்கை அணைக்கும்படி அண்டை வீட்டார் கேட்க வேண்டியிருக்கவில்லை, பேட்டரியே கேட்டது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம்: தனியார் முகாம்களில் மின் இணைப்பு அறுபதுகளிலிருந்தே இருந்ததே, அங்கே எந்தப் பேட்டரி தடுத்தது? தடுக்கவில்லைதான், அங்கே விளக்குகள் எரியவும் செய்தன. ஆனால் அந்த முகாம்கள் நெடுஞ்சாலை ஓரத்துத் தங்குமிடங்கள். இருட்டைத் தேடி எவரும் அங்கே போகவில்லை. இருட்டைத் தேடிப் போன இடங்கள் மலையிலும் பாலையிலும் இருந்த அரசு முகாம்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு கிடையாது. இருட்டு காக்கப்பட்டதும் மின்சாரம் இல்லாததும் ஒரே இடத்தில் அமைந்தது தற்செயலல்ல.

எல்.இ.டி. அந்தக் கணக்கைக் கவிழ்த்தது. பழைய விளக்கின் அதே வெளிச்சத்தை இரண்டு மூன்று வாட்டில் தருகிறது. கூரைமேல் ஒரு சோலார் தகடு இருந்தால் இரவு முழுக்க எரித்தது மறுநாள் காலையிலேயே திரும்பிவிடும். கூடவே, மலிவான எல்.இ.டி.களில் நீலம் மிகுந்த வெண்மை அதிகம். உடலின் உறக்கக் கடிகாரத்தைக் கலைப்பதில் நீல ஒளிக்கே வலிமை கூடுதல். மனிதக் கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. ஒரு வெள்ளை விளக்கை ஒருகணம் நேராகப் பார்த்தால் அந்தப் பழக்கம் குலைந்து, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இவ்வளவு விளைவையும் உண்டாக்குபவருக்கு இப்போது ஒரு பைசா செலவில்லை. செலவு முழுவதும் அடுத்த மனைக்காரர் தலையில் விழுகிறது.

விளக்கை ஆதரிப்பவர்களின் வாதங்கள் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. முதலாவது பாதுகாப்பு. வயதானவர்கள் வண்டிப் படியில் தடுக்கி விழலாம். ஓய்வுபெற்றோர் நிறைந்த உலகம் இது. உண்மை, ஆனால் படிக்கு வேண்டியது படியின் மேல் விழும் வெளிச்சம். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரிந்து தானே அணையும், கீழ்நோக்கி மூடிய சிறு விளக்கு அதை நிறைவாகச் செய்யும். திருடனைப் பொறுத்தவரை, உரிமையாளர் தூங்கும் வண்டியில் எப்போதும் எரியும் விளக்கைவிட, திடீரென எரியும் விளக்கே கவனத்தை ஈர்க்கும். இரண்டாவது, எலி. அரிசோனாவின் குவார்ட்சைட் போன்ற பாலை நிலங்களில் குளிர்காலம் முழுக்கத் தங்குபவர்கள், வயரைக் கடிக்கும் பேக் ராட் எலிகளை விரட்ட வண்டிக்கு அடியில் ஒளிச்சரம் போடுகிறார்கள். பழுது பார்க்கும் செலவை நினைத்தால் அவர்கள் அச்சம் புரிகிறது. அங்கேயும் சரத்தை வண்டியின் அடிவயிற்றுக்குள் ஒதுக்கி, ஓரத்தை மறைத்தால் எலிக்குப் படும் வெளிச்சம் அண்டை வீட்டாருக்குப் படாது. தவிர, நான்கு மாதம் ஒரே இடத்தில் நிற்கும் பாலைவன வண்டியின் தேவையை, இரண்டு இரவு தங்கும் மலை முகாமின் வழக்கத்துக்கு ஆதாரமாக்க முடியாது.

மூன்றாவது வாதம்தான் மனத்தைத் தொடுவது: முகாம் ஒரு கொண்டாட்டம், வண்ண விளக்கு அதன் அழகு, குழந்தைகளின் மகிழ்ச்சி. இதை மறுக்க எனக்கு மனமில்லை. வரலாறும் இதன் பக்கம் இருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1872-இல் ஜேம்ஸ் மெக்காலி தொடங்கி, பிறகு டேவிட் கரி புதுப்பித்த ‘ஃபயர்ஃபால்’ என்ற காட்சியில், கிளேசியர் பாயின்ட் உச்சியிலிருந்து கனன்ற தணல் பாறைவழியே அருவிபோலக் கீழே தள்ளப்பட்டது. கோடை இரவுகளில் பல்லாயிரம் முகாம்வாசிகள் அண்ணாந்து பார்த்தார்கள். பூங்காவுக்கு ஒவ்வாத செயற்கைக் காட்சி என்றும், கூட்டம் புல்வெளிகளை மிதித்து அழிக்கிறது என்றும் கூறி 1968 ஜனவரியில் பூங்காத் துறை அதை நிறுத்தியது. அதை மீட்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு நேரம் இருந்தது, எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள், சில நிமிடங்களில் முடிந்து இருட்டு திரும்பியது. கொண்டாட்டத்தைக் கொண்டாட்டமாக்குவது அதற்கு இருக்கும் முடிவு. சாப்பிட்டு, பேசிச் சிரித்து, சீட்டாடும்வரை வண்ண விளக்கு எரியட்டும்; கொண்டாடுபவர்கள் படுக்கப் போன பின் எரியும் விளக்கு யாருடைய கொண்டாட்டத்துக்கு?

கடைசி வாதம் உரிமை: மனைக்கு வாடகை கொடுத்திருக்கிறேன், என் இடத்தில் என் விளக்கு. வாடகை கொடுத்தது நிலத்துக்கு. ஒளி எல்லைக் கம்போடு நிற்பதில்லை. இதே வாதத்தை ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் சொல்லியிருக்க முடியும், ஆனால் விதி அதை ஏற்கவில்லை. மேலும் இன்றைய இருட்டு ஓர் அரிய பொருள். 2016-இல் வெளியான செயற்கை வான் ஒளியின் உலக வரைபடம், வட அமெரிக்கர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தம் வீட்டிலிருந்து பால்வழி மண்டலம் தெரியாது என்று காட்டியது. நகரத்துக் குழந்தை அதை முதன்முதலில் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஒரு முகாமில்தான். 2007-இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸில் இருப்பது 13 மனைகள் கொண்ட சிறு முகாம். அந்த அளவில் ஒருவர் எரிக்கும் விளக்கு எல்லோருடைய வானத்தையும் கெடுத்துவிடும்.

விதி எழுதினால் நடக்குமா என்ற ஐயத்துக்கும் விடை இருக்கிறது. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே வானாய்வகத்துக்காக விளம்பரத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தியது. ஊர் தேய்ந்துபோகவில்லை, வளர்ந்தது. பென்சில்வேனியாவின் செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்காவில் வானம் பார்க்கும் இரவுத் திடலில் தங்குபவர்கள் இருட்டிய பின் வெள்ளை விளக்கே எரிக்கக் கூடாது. சிவப்பு டார்ச் மட்டும்தான். மக்கள் அதை ஏற்றுத் தேடி வருகிறார்கள். எல்லா முகாமுக்கும் அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. அமைதி நேரம் தொடங்கும் 10 மணிக்கு வெளிவிளக்குகளும் அணைய வேண்டும், தேவைப்படும் விளக்கு கீழ்நோக்கியும் மஞ்சள் நிறத்திலும் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை, சத்தத்துக்கான பலகையிலேயே சேர்த்தால் போதும். அந்தப் பலகை இல்லாத இடத்தில் தூக்கம் கெட்டவர் நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒருவரின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அங்கிருந்துதான் சண்டை பிறக்கிறது. எழுதிய வரி இருந்தால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, அணைப்பவருக்கும் அவமானமில்லை. வெளிச்சத்துக்கு விலை இருந்தவரை இருட்டைக் காக்கும் வேலையை எண்ணெயும் பேட்டரியும் பார்த்துக்கொண்டன. இனி அந்த வேலை முகாம்வாசிகளுடையது. அதைச் செய்வதற்கு அவர்களிடம் கேட்கப்படுவது படுக்கப் போகும் முன் ஒரு சுவிட்சைத் தட்டுவது மட்டுமே.