மறைக்க எழுந்த ஒளி, காட்ட எழுந்த ஒளி: புக்கிட் பாத்தோக் குன்றிலிருந்து ஒரு மறுவாசிப்பு

வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றைகளைப் பொது நினைவுச்சின்னமாக்கும் வழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர், 1930களின் நியூரம்பெர்கையும் 2002இன் நியூயார்க்கையும் ஒரே கோட்டில் இணைத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் தொடக்கப் புள்ளியை வைத்துக் கொடுத்தவர் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர். 20 ஆண்டுச் சிறைத்தண்டனை முடிந்து 1966இல் வெளிவந்த அவர், 1969இல் தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். நியூரம்பெர்க் நாஜிக் கட்சி மாநாட்டில் தாம் அமைத்த ‘ஒளிப் பேராலயம்’ இவ்வகை ஒளிக் கட்டடங்களில் முதலாவதாக இருக்கும் என்றும், தம் படைப்புகளில் காலத்தை வென்று நிற்பது அது ஒன்றே என்றும் அதில் எழுதினார். இந்தக் கூற்றை இக்கட்டுரை மறுக்கிறது. அதற்கு நான் முன்வைக்கும் முதன்மைச் சான்று சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் குன்றில் ஏறும் 120 படிகளின் உச்சியில் இருக்கிறது.

ஷ்பேரின் கூற்று

‘முதலாவது’ என்பதை ஆண்டுக் கணக்கே தகர்த்துவிடும். 1915இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் டார்சி ரயன் 48 தேடுவிளக்குகளை ஒன்றாக இயக்கி, விரிகுடாவின் மேல் பல வண்ண ஒளி விசிறியை விரித்துக் காட்டினார். அதற்கு முன்பே 1909இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரை விழாவில் அவர் அதைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் யார் முந்தி என்ற வழக்கு சிறியது. எதற்காக ஒளி எழுந்தது என்பதே பெரிய கேள்வி. அதற்கு ஷ்பேரே விடை தந்திருக்கிறார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களை விரைந்து கடந்துவிட்டார்கள் என்பதே என் குறை.

அவர் சொல்வது இது. நாஜிக் கட்சியின் உள்ளூர் நிர்வாகிகள் பதவி சுகத்தில் தொந்தி வைத்திருந்தார்கள். வரிசை பிசகாமல் அணிவகுக்க அவர்களால் முடியவில்லை. ஆகவே அவர்களுடைய அணிவகுப்பை இருட்டில் நடத்தலாம் என்று ஷ்பேர் யோசனை சொன்னார். கண்கள் கீழே போகாதிருக்க, செப்பலின் திடலைச் சுற்றி ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒன்றாக 130 தேடுவிளக்குகளை நிறுத்தி மேல்நோக்கித் திருப்பினார். விமானப்படையின் இருப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்று அப்படையின் தலைவர் கோரிங் முணுமுணுத்தார். ஒரு விழாவுக்கே இத்தனை விளக்குகளைச் செலவிடுகிறோம் என்றால் நம்மிடம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று பிற நாடுகள் எண்ணிக்கொள்ளும் என ஹிட்லர் ஒப்புதல் தந்தார்.

ஆக, அந்த ஒளிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. தரையில் நிற்பவர்களின் உடலை மறைத்தது முதலாவது. கிடங்கில் இருக்கும் வெற்றிடத்தை மறைத்தது இரண்டாவது. இறந்தோர் இதில் எங்கே? நியூரம்பெர்க் மாநாட்டில் இறந்தோருக்கான அஞ்சலிச் சடங்கு தனியே, லூயிட்போல்ட் திடலில், பகலில் நடந்தது. தேடுவிளக்குகள் நின்றது வேறு திடல், வேறு நிகழ்ச்சி. இந்த இட வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால், ஒளிப் பேராலயத்தை ஒளி நினைவுச்சின்னங்களின் மூதாதை என்று சொல்வது கடினம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது என்றும் சொல்லப்படுகிறது. திடல் முழுவதையும் வளைத்த வடிவம் 1934இலா, 1936இலா நிறைவு பெற்றது என்பதிலும் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. என் வாதம் அந்த ஆண்டைச் சார்ந்து நிற்கவில்லை என்பதால் அதைத் தீர்க்காமலே மேலே செல்கிறேன்.

‘தோ’ என்ற ஓர் அசை

அப்பர் புக்கிட் தீமா சாலையிலிருந்து லோரோங் செசுவாய் வழியாக ஏறினால் சாலையின் முடிவில் இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவே படிகள். படிகளின் உச்சியில் இன்று நிற்பது தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம். 1942இல் அங்கே நின்றது ‘சியோனான் சூரெய்தோ’: ஏறத்தாழ 12 மீட்டர் உயர மரத்தூண், தலையில் பித்தளைக் கூம்பு. புக்கிட் தீமா சண்டையில் இறந்த ஜப்பானிய வீரர்களுக்காக, போர்க்கைதிகளாயிருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்டே அது எழுப்பப்பட்டது.

இந்தப் பெயரில்தான் நான் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஜப்பானியர் தம் ஆட்சியில் சிங்கப்பூருக்கு வைத்த பெயரான ‘சியோனான்’ என்பதைத் ‘தெற்கின் ஒளி’ என்று பெயர்ப்பது இங்கே பள்ளிப் பாடத்திலிருந்தே பழகிய வழக்கம். முதல் எழுத்தின் இடப்புறம் கதிரவனைக் குறிக்கும் கூறு இருக்கிறது. ‘விளக்கம், துலக்கம்’ என்பது அதன் பொருள். ஆகவே அந்தப் பெயர்ப்பு பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அதே எழுத்துதான் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலப் பெயரான ‘ஷோவா’விலும் முதலாவதாக நிற்கிறது. ‘ஷோவா காலத்தில் கிடைத்த தெற்குத் தீவு’ என்பதே ஜப்பானிய மொழியில் இப்பெயருக்குத் தரப்படும் விரிவு. ஒளி என்று படித்தால் அது வாழ்த்து. ஷோவா என்று படித்தால் அது உடைமைப் பத்திரம். இரண்டும் ஒரே எழுத்தில் இருப்பதால் முதலாவது இரண்டாவதை மறைத்துவிடுகிறது. நியூரம்பெர்கில் தேடுவிளக்கு செய்ததை இங்கே ஓர் எழுத்து செய்திருக்கிறது.

பெயரின் கடைசி அசை இன்னும் நுட்பமானது. தீவைக் குறிக்கும் ‘சியோனான்-தோ’விலும் தூணைக் குறிக்கும் ‘சூரெய்-தோ’விலும் தமிழில் நாம் எழுதுவது ஒரே ‘தோ’தான். எழுத்துகளோ வேறு. முதலாவது தீவு. இரண்டாவது, வடமொழி ‘ஸ்தூப’ பௌத்தத்தோடு சீனம் சென்று, சுருங்கி, ஜப்பானை அடைந்த சொல். நம் ‘நினைவுத்தூபி’யில் இருக்கும் தூபியும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சூரெய்தோவைத் தமிழில் ‘விசுவாச ஆவிகளின் தூபி’ என்றால் அது ஏறத்தாழ உறவுச் சொல்லாலேயே செய்த பெயர்ப்பாகும். புத்தரின் எலும்பைக் காத்த வடிவம், இறந்த வீரர்களின் சாம்பலைக் காக்கும் வடிவமாகப் புக்கிட் பாத்தோக்கில் வந்து நின்றது.

தூணுக்குப் பின்னால், நேசப் படைகளின் இறந்தோருக்காகச் சிறிய மரச்சிலுவை ஒன்று நடப்பட்டது. எதிரிக்குக் காட்டிய மரியாதை என்று இதைப் படிப்போர் உண்டு. கைதிகளின் விருப்பத்துக்கு இடம் கொடுத்தார்கள் என்பதும் பொய்யாகாது. இங்கே என்னிடம் ஆவணம் குறைவு. ஆனால் இடம் பேசுகிறது. படியேறி வருபவர் கண்ணில் முதலில் படுவது 12 மீட்டர்த் தூண். அதன் பின்னால் நிற்பது அதைவிட மிகக் குட்டையான சிலுவை. இறந்தோரில் முன்னால் யார், பின்னால் யார் என்று வரிசை வைத்த நினைவுச்சின்னம் அது. மரியாதை இருந்திருக்கலாம், சமம் இருக்கவில்லை.

1945இல் தூண் அகற்றப்பட்டது. சாம்பல் ஹவ்காங் பகுதியிலுள்ள ஜப்பானிய இடுகாட்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷார் கையில் சிதைபடாதிருக்க ஜப்பானியரே முந்திக்கொண்டு அழித்தார்கள் என்பது பரவலான கூற்று. சரியான நாளை உறுதியாகச் சொல்ல இயலாது. நான் வலிந்து ஒரு நாளை நிறுவவும் முயலவில்லை.

எரியாத விளக்குகள்

தூண் யாருக்காக நின்றதோ அந்தச் சாவுகளின் தொடக்கத்திலும் தேடுவிளக்கு இருக்கிறது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை சரிம்பூன் கரையில் இறங்கியபோது, ஆஸ்திரேலிய 22ஆம் படையணியின் கரையோரத் தேடுவிளக்குகள் எரியவில்லை. ஷெல்லடியில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து உத்தரவு வந்து சேரவில்லை. முன்கூட்டி ஏற்றினால் இடம் தெரிந்து நொறுக்கப்படும் என்ற அச்சமும் இருந்தது. மூன்று நாளுக்குள் சண்டை புக்கிட் தீமாவுக்கு வந்துவிட்டது. 15ஆம் தேதி மாலை, குன்றுக்கு அருகிலேயே ஃபோர்டு ஆலையில் சரணடைவு கையெழுத்தானது. ஒரே குன்றின் வரலாற்றில் எரியாத விளக்கும் ஒளியின் பெயர் தாங்கிய தூணும் அடுத்தடுத்து வருகின்றன.

நந்தா விளக்கு

இறந்தவருக்காக ஒளியேற்றுவதன் பழைய ஆவணம் நம் கோயில் சுவர்களிலேயே உண்டு. வேட்டையில் குறி தவறிய அம்பு ஆளைக் கொன்றுவிட்டால், கொன்றவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்று நாட்டாரோ சபையோ தீர்ப்புச் சொன்னதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல பதிந்திருக்கின்றன. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில பகுதிகளில் 90. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அவற்றுக்குப் பெயர். இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொன்றவர் யார், இறந்தவர் யார், ஆட்டைப் பொறுப்பேற்றவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் கல்லில் பெயர் உண்டு. அந்த ஒளி எதையும் மறைப்பதில்லை. குற்றத்தையும் இழப்பையும் ஒருசேரக் காட்டுகிறது. ஒளி நினைவுச்சின்னத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அதை ஷ்பேரிடம் கடன் வாங்கத் தேவையில்லை. இந்தச் சுவர்களிலேயே இருக்கிறது.

அந்த அளவுகோலை 2002 மார்ச் 11க்குக் கொண்டு செல்வோம். உலக வர்த்தக மையம் இடிந்து ஆறு மாதம் நிறைந்த அன்றிரவு, 7,000 வாட் செனான் விளக்குகள் 88, இரண்டு சதுரங்களாக அடுக்கப்பட்டு எழுந்தன. முதலில் அதற்கு வைத்த பெயர் ‘ஒளிக் கோபுரங்கள்’. இறந்தது கட்டடமா, மனிதர்களா என்று குடும்பத்தினர் கேட்டார்கள். பெயர் ‘ஒளியஞ்சலி’ என்று மாறியது. ஒளித்தூண் வரலாற்றில் உண்மையான திருப்பம் இந்தப் பெயர்மாற்றம்தான் என்பது என் முடிபு. 2011 முதல் அருகிலேயே வெண்கலத்தில் 2,983 பெயர்கள் இருக்கின்றன. ஒளி அவற்றைத் தேடி வரச் சொல்கிறது.

அந்த ஒளியாலும் கேடு உண்டு. ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளில் சுமார் 11 இலட்சம் வலசைப் பறவைகள் அதனால் திசை கலங்கின என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கற்றையில் ஆயிரம் பறவைக்கு மேல் சிக்கினால் இப்போது விளக்குகளை 20 நிமிடம் அணைக்கிறார்கள். உயிருக்காக அணையும் இந்தக் கணம் அஞ்சலியைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நினைவின் பொறுப்பு அங்கே இன்னும் தெளிவாகிறது. சிங்கப்பூரும் வலசைப் பாதையில் இருக்கும் தீவுதான் என்பதை, புக்கிட் பாத்தோக் உச்சியில் ஒளி எழுப்ப நினைப்பவர் மறக்கக் கூடாது.

அப்படி ஒளி எழுந்தால் அது யாருடைய பெயரைக் காட்டும்? படிகளை அடுக்கிய கைகள் ‘போர்க்கைதிகள்’ என்ற பொதுச்சொல்லில் நிற்கின்றன. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழரில் பெரும்பாலோருக்கு அந்தப் பொதுச்சொல்கூடக் கல்லில் கிடைக்கவில்லை. பெயர்ப்பட்டியல் முடியும்வரை அந்தக் குன்றில் விளக்கு ஏற்றுவதற்கு அவசரமில்லை. நந்தா விளக்குக்குக்கூட முதலில் பெயரை வெட்டினார்கள்.