களா கத்ர் பொருந்துதல்
இன்பத்தைப் போலவே துன்பத்தையும் இறைநாட்டமென மனமொப்பி ஏற்கும் இஸ்லாமிய நெறி. ஈமான் எனும் இறைநம்பிக்கையின் ஆறு கடமைகளில் களா கத்ர் எனும் விதிநம்பிக்கை இறுதியானது. அதிலிருந்து விளைபவை ஸப்ர் எனும் பொறுமை, அதனினும் உயர்ந்த ரிளா எனும் மனநிறைவு. இந்நெறியைக் கையறு நிலையாகக் கொள்வது பிழை. மருந்துண்டு, உழைத்து, விளைவை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். அழுகைக்கும் தடையில்லை, மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் கண்ணீர் விட்டார். இறப்புச் செய்தி கேட்டவுடன் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் அரபு வாசகம் திருக்குர்ஆன் 2:156-இல் உள்ளது. தமிழில் இறைவனிடம் தன்னை ஒப்புவிக்கும் சூஃபி மரபை வளர்த்தவர்களுள் தலையாயவர் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பா. அவரது ‘ஞானப்புகழ்ச்சி’ அங்கு ஆண்டுதோறும் ரஜப் 14ஆம் இரவு விடிய விடியக் கூட்டாகப் பாடப்படுகிறது.