எஞ்சிய செவிப்புலன்: காக்ளியர் அறுவை மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம்

காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை மருத்துவத்தின் தொடக்கத்தில் ‘காத்தல்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. 1957இல் பாரிசில் ஜோர்னோவும் எரியெஸும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். 1961இல் லாஸ் ஏஞ்சல்சில் வில்லியம் ஹவுஸ் உட்செவிக்குள்ளேயே மின்முனையைச் செலுத்தினார். அவர்கள்முன் இருந்தோர் செவிப்புலனை ஏறக்குறைய முழுமையாக இழந்தவர்கள். இழக்க ஏதுமற்றோரிடம் தொடங்கிய சிகிச்சை, இழப்பைத் தன் இயல்பாகவே கருதிக்கொண்டது. மின்முனை நுழையும் காதில் எஞ்சிய கேட்கும் திறன் அழியும் என்பது கேள்விக்குள்ளாகாத முற்கோளாயிற்று.

இதனால் இடையில் சிக்கியோர் ஒரு சாரார் உண்டு. பேருந்தின் உறுமலும் குரலின் ஏற்ற இறக்கமும் இவர்களுக்குக் கேட்கும். ‘ச’, ‘த’ போன்ற மெய்களைப் பிரித்தறிய முடியாது. செவிக்கருவி போதவில்லை, இம்ப்ளாண்ட் கிட்டவில்லை.

விடை உட்செவியின் அமைப்பிலேயே இருந்தது. இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட காக்ளியாவை நீட்டினால் சுமார் 35 மி.மீ. நீளம். அதன் அடிப்பகுதி உயர் அதிர்வெண்களையும் உச்சி தாழ் அதிர்வெண்களையும் ஏற்கின்றன. ஒலியலை காக்ளியாவில் பரவும் விதத்தை ஆராய்ந்த பேக்கேஷி 1961இலேயே நோபல் பரிசு பெற்றார். அடிப்பகுதிக்கு மின்சாரம், உச்சிக்கு இயற்கை ஒலி என்ற பங்கீடு எண்ணத்தக்கதே. ஆனால் உச்சியை உயிரோடு விட்டுவைக்கும் கைத்திறம் வேண்டுமே!

அதனை முறையாக வகுத்தவர் ஹனோவரின் எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட். 1993இல் அவர் எழுதிய ‘மென் அறுவை’ முறையின் விதிகள் வியப்பூட்டுமளவு எளியவை: துளை சிறிதாக இருக்கட்டும், எலும்புத்தூளும் குருதியும் உள்ளே புகலாகாது, உட்செவித் திரவத்தை உறிஞ்சலாகாது, மின்முனையை வலிந்து தள்ளலாகாது. கருவிகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படும் இத்துறையில், இந்தத் திருப்பம் கையின் அடக்கத்தால் நேர்ந்தது.

1999இல் பிராங்க்பர்ட்டில் ஃபான் இல்பெர்க் குழுவினர், ஒரே காதில் மின்தூண்டலையும் ஒலியையும் இணைத்துக் காட்டினர். அயோவாவில் புரூஸ் காண்ட்ஸ் 10 மி.மீ. குறு மின்முனையைக் கையாண்டார். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கலப்புக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

ஆயினும் அறுவை அரங்கில் காக்கப்பட்ட செவிப்புலன், சிலருக்கு மாதங்கள் கழித்து மறைகிறது. அழற்சியும் நார்த்திசு வளர்ச்சியும் இதற்குக் காரணமாகச் சுட்டப்படுகின்றன. அவ்வேளையில் குறு மின்முனை போதாமற்போகும். நீள் மின்முனையை முதலிலேயே செலுத்தினாலோ காக்க வேண்டியதே கெடக்கூடும். எத்தனை மில்லிமீட்டர் என்பதை மருத்துவரும் நோயாளியும் அறுவைக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.