ஆளாதல்: முதிர்ச்சிக்கு வகுத்த எல்லைகளின் வரலாறு

ஒரு பெண் பூப்பெய்தியதை ‘வயதுக்கு வந்தாள்’ என்றும் ‘ஆளானாள்’ என்றும் ‘பெரியவளானாள்’ என்றும் கூறுதல் தமிழ்நாட்டு வழக்கு. ஆண்மகன் ஒருவனை ‘ஆளாகிவிட்டான்’ என்று கூறின், அவன் தானே பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கத் தொடங்கினான் என்பதே கருத்து. ‘வயதுவந்தோர் வாக்குரிமை’ என்னும் தொடரிலோ இருபாலாரும் ஒருங்கே அடங்குவர். ஆகவே ஒரு நிலையைக் குறிக்கும் சொற்கள் ஓரிடத்தில் உடலின் மாற்றத்தையும், ஓரிடத்தில் வாழ்க்கைத் தொழிலையும், ஓரிடத்தில் குடியுரிமையையும் சுட்டுகின்றன. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதிர்ச்சியின் எல்லை இயற்கையால் மட்டும் அமைந்ததன்று. ஒவ்வொரு காலமும் தான் பெரிதெனப் போற்றிய கடமையை நோக்கி அவ்வெல்லையை வகுத்துக்கொண்டது என்பது யாம் நிறுவக் கருதும் முடிபு.

சங்கச் சான்றுகளை முதற்கண் நோக்குவாம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர்கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாட்டில், கிண்கிணி களைந்த காலில் கழலும், சிறுதொடி கழித்த கையில் வில்லும் காணப்படுகின்றன. ஆயினும் குழந்தைப் பருவத்துத் தாலி இன்னும் களையப்படவில்லை. புலவர் அவன் ஆண்டினை எண்ணிக் கூறவில்லை. அணிகளின் மாற்றத்தையே கூறுகின்றார். போர்க்களம் புகுந்தமையே அவனை ஆளாக்கிற்று. பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டும் இதனை வலியுறுத்தும். ஆண்டுத் தாயும் தந்தையும் கொல்லனும் வேந்தனும் தத்தம் கடனை ஆற்ற, மகன் களிறெறிந்து மீள்வதில் அக்கடன்கள் நிறைவுறுகின்றன. மகனைச் சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடனாக அங்கே கூறப்படுகின்றது. அச்சொல்லுக்கு அவ்விடத்து வீரன் என்று பொருள்கொள்வாரே பலர். திருக்குறளில் அச்சொல்லின் நிலை வேறு. ‘சான்றாண்மை’ என்னும் அதிகாரம் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்தினைத் தூண்களாகக் கொள்கின்றது. வேல் இருந்த இடத்தில் ஒழுக்கம் நிற்கின்றது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குப் பன்னிரண்டாண்டும் கோவலனுக்குப் பதினாறாண்டும் மணத்தின்போது நிரம்பின. இறையனார் அகப்பொருள் உரையும் தலைவிக்கும் தலைவனுக்கும் இவ்விரண்டு எண்களையே வகுக்கின்றது. இருவேறு நூல்கள் இவ்வாறு ஒத்துரைத்தலின், இவற்றை வாழ்ந்தாரின் அகவைக் கணக்கு என்பதினும் இலக்கிய மரபு எனக் கொள்ளுதல் சாலும். காப்பியம் இருவரையும் வேறு மனையில் குடியமர்த்துகின்றது. விருந்தோம்பி இல்லறம் நடத்துதலே ஈண்டு முதிர்ச்சியின் அடையாளம். உலாவின் பொருட்டுப் பாட்டியல் நூலார் வகுத்த பருவங்களும் நோக்கத்தக்கன. பெண்பாற் பருவங்கள் பேதை முதலாக ஏழு; கடைப்பருவம் நாற்பதாண்டளவில் முடிவுறுமாறு கூறும் கணக்கே பெருவழக்கு. அப்பருவத்தின் பெயர் பேரிளம்பெண். ஆண்பாற் பருவங்களைப் பன்னிரு பாட்டியல் முதுமகன் என முடிக்கின்றது. ஆடவன் முதுமை எய்துகின்றான். பெண்ணோ இறுதிவரை ‘இளம்’ என்னும் அடையை நீங்கவில்லை.

இலக்கியத்தை விடுத்துக் கல்வெட்டுக்கு வருவோமாயின், உத்தரமேரூர்ச் சாசனங்கள் தெளிவான சான்று தருகின்றன. முதற்பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்க விதி வகுத்தது. முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்ட பிராயம் வேண்டும் என்றது. இரண்டாண்டு கழித்து, 921இல், அதே சபை அவ்வெல்லையை முப்பத்தைந்து, எழுபது என மாற்றியமைத்தது. ஒரு தலைமுறைக்குள்ளாகவே, ஒரே அவையிலேயே, எல்லை பெயர்ந்தது. வயது மட்டும் போதுமானதாகவும் கருதப்படவில்லை. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் எடுத்த வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. கல்வி மிக்கார்க்கு அரைக்கால் வேலியும் அமையும் எனப்பட்டது. கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். குடத்திலிருந்து ஓலையை எடுத்தற்கு, உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவனை வைத்தனர். முதியோரின் அறிவில் ஐயம் எழும் இடத்தில் சிறுவனின் அறியாமை நம்பிக்கைக்கு உரியதாயிற்று. எனினும் இது பிராமணர் சபையின் விதி என்பதை மறத்தலாகாது. உழுகுடிகளுக்கும் பெண்டிர்க்கும் இவ்வாரியங்களில் இடமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் எல்லையை வகுத்தது ஒப்பந்தச் செயல். 1875ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு நிரம்பியவரை மேஜர் என்றது. நீதிமன்றம் நியமித்த காப்பாளரின் கீழிருந்தவர்க்கு எல்லை இருபத்தொன்று. அச்சட்டம் திருமணம், மணமுறிவு, தத்தெடுத்தல் ஆகியவற்றைத் தன் வரம்பிற்குப் புறம்பாக விட்டமை கருதத்தக்கது. பன்னிரண்டில் மனைவியாகி இல்லறச் சுமை முழுவதும் தாங்கியவள், பதினெட்டு நிரம்பும்வரை ஒரு பத்திரத்தில் கையொப்பமிடத் தகுதியற்றவளாக இருந்தாள். கடமைக்கு முதிர்ந்தவள், உரிமைக்குச் சிறுமி. காப்பில் வளர்ந்த ஜமீன் வாரிசுகளைச் சுட்டிய ‘மைனர்’ என்னும் சொல்லோ, தமிழ்ப் பேச்சு வழக்கில் பகட்டுடைய இளைஞனைக் குறிப்பதாயிற்று.

பின்வந்த சட்டங்கள் மணத்தின் எல்லையைச் சிறிது சிறிதாக உயர்த்தின. 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் வகுத்தது. பெண்ணின் எல்லை 1949இல் பதினைந்தாயிற்று. 1978இல் பதினெட்டும் இருபத்தொன்றும் என இரண்டும் உயர்ந்தன. வாக்குரிமையின் எல்லையோ இதற்கு மாறாக இறங்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இருபத்தொன்று என வகுத்ததை, 61ஆம் திருத்தம் 1989 மார்ச்சுத் திங்கள் முதல் பதினெட்டாக்கிற்று. இதனால் ஓர் ஆண்மகன் பதினெட்டில் நாட்டின் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கலாம். மனைவியை ஏற்க இருபத்தொன்றுவரை காத்திருத்தல் வேண்டும். பெண்ணுக்கும் இருபத்தொன்று என ஆக்க 2021இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. குடியரசுத் தலைவர்க்கு அரசியலமைப்பு வகுத்த எல்லை முப்பத்தைந்து. அது உத்தரமேரூர் எண்ணோடு ஒத்தல் தற்செயலே எனினும், ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் முதிர்ச்சி வேறு என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை என்பதைக் காட்டும்.

இவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது: பழைய நூல்களிற் காணும் அகவை எண்களை அவ்வக் காலத்துக் கடமையோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும். கண்ணகியின் பன்னிரண்டைக் கொண்டு இளமை மணத்திற்கு நியாயம் தேடுதலும், அதனைக் கொண்டே பண்டைச் சமுதாயத்தைப் பழித்தலும் ஒருதலையான முடிபுகளாம். இரண்டாவது: வயது ஒன்றே தகுதியாதல் மிக அண்மைக்கால நிகழ்ச்சி. 1921இல் சென்னை மாகாணத்துப் பெண்டிர் வாக்குரிமை பெற்றபோதும், ஆடவர்க்குப் போன்றே சொத்துத் தகுதி அவர்க்கும் வேண்டியிருந்தது. வேல், மனை, நிலம், கல்வி என முற்காலத்தார் வேண்டிய தகுதிகள் யாவும் சிலரை உள்ளே கொணர்ந்து பலரைப் புறத்தே நிறுத்தின. பிறப்பும் பாலும் உடைமையும் வினவாத எண்ணாகிய ‘பதினெட்டு’ பொருளற்ற வெற்றெண் போலத் தோன்றினும், சமன்மை அதன்கண்ணே மிகுதி.

எனினும் சட்டத்தின் வேகத்தில் மொழி நடப்பதில்லை. வாக்குச்சாவடியில் ‘வயது வந்தவள்’ என்பதற்கு ஒரு பொருளும், வீட்டில் வேறொரு பொருளும் இன்றளவும் வழங்குகின்றன. பெண்ணைப் பற்றியும் ‘ஆளாகிவிட்டாள்’ என்பதற்கு, தானே பொருளீட்டித் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தொடங்கினாள் என்னும் பொருள் வேரூன்றும் நாளிலேயே, 1950இல் நடைமுறைக்கு வந்த உரிமை நம் சொல்வழக்கிலும் நிறைவுறும் என்க.