மருந்தின் விலையும் கடல் கடந்த வழியும்

புனே நகருக்குத் தென்மேற்கே, முத்தா நதியைத் தேக்கி நிற்கும் ஏரியின் கரையில் அமைந்தது கடக்வாஸ்லா. மத்திய அரசாங்கப் பணியின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அண்மையில் அடுத்த வீட்டு அம்மையார், அமெரிக்காவில் வாழும் தம் மகளிடம் புறப்படுமுன், பெட்டியில் அடுக்கியிருந்த மாத்திரை அட்டைகளைக் காட்டி என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, இதே மருந்து அங்கே பத்து மடங்கு விலையாம். இங்கிருந்து எடுத்துப் போனால் கள்ளச் சரக்கு ஆகிவிடுமா?"

சட்டத்தைப் பற்றிய விடை எளிது. அந்நாட்டுச் சட்டம் இத்தகைய இறக்குமதியைப் பொதுவாக ஏற்பதில்லை. சொந்த உபயோகத்திற்கான சிறிதளவை அதிகாரிகள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அறத்தைப் பற்றிய விடை அவ்வளவு எளிதன்று.

இதே வினாவை நம் நாடே கேட்டுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒரு மருந்துக்குப் பேட்டன்ட் பெற்ற அயல்நாட்டார், அதனை இங்கே ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல், தாம் வைத்த விலைக்குக் கொணர்ந்து விற்பது நடைமுறையில் இயன்றது. மலிவாகக் கிடைக்கும் வேறொரு நாட்டிலிருந்து பிறர் அதனைத் தருவித்தாலோ, பேட்டன்டை மீறியதாக வழக்கு எழும். 1961-இல் அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு வெளியிட்ட அறிக்கை, மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது. வறியவர் மிகுந்த நாட்டுக்கு இது வாய்த்த பெருமை!

இதற்கு இரு மாற்றுகள் தோன்றின. ஒன்று, இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பிம்ப்ரியில் எழுந்தது. 1954-இல் அங்கே ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் அமைந்தது. உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களை அனுப்பிற்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி இயந்திரங்களை அளித்தது. 1955-இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. கப்பலில் வரும் பெனிசிலினை எதிர்நோக்கியிருந்த நாட்டுக்கு அது சிறிய செயலன்று. அந்நிறுவனம் பிற்காலத்தில் நலிவுற்றது வேறு கதை.

மற்றொன்று ஒரு தமிழரின் எழுதுகோலிலிருந்து பிறந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராஜகோபால ஐயங்காரிடம் பேட்டன்ட் சட்டத்தை ஆராயும் பொறுப்பை 1957-இல் அரசாங்கம் ஒப்படைத்தது. அவர் 1959-இல் தந்த அறிக்கை, இந்தியப் பேட்டன்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை அயல்நாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இங்கே தொழிலாக மாறாமல் கிடப்பதையும் எடுத்துக்காட்டிற்று. அவ்வறிக்கையை ஒட்டி இயற்றப்பட்ட 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குப் பேட்டன்ட் இல்லை, செய்முறைக்கே உண்டு என்று அது வகுத்தது. 2005 வரை அந்நிலை நீடித்தது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் எத்தனை பேர் இந்நீதிபதியின் பெயரை அறிவர்?

பிறர் கண்டுபிடிப்பை ஏழை நாடுகள் கவர்கின்றன என்னும் பழியும் உடன் எழுந்தது. பழி கூறுவோர் பிரிட்டனை மறந்துவிடுகின்றனர். 1961-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல், அரசாங்க மருத்துவமனைகளுக்கு டெட்ராசைக்ளின் மருந்தை இத்தாலியிலிருந்து வாங்க முற்பட்டார். இத்தாலியில் அந்நாளில் மருந்துக்குப் பேட்டன்ட் கிடையாது. ஆதலின் விலை குறைவு. பேட்டன்ட் உடைய ஃபைசர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1965-இல் பிரபுக்கள் சபை பெரும்பான்மைத் தீர்ப்பால் அமைச்சர் பக்கமே நின்றது. நீதிபதிகள் அறநூல் எதனையும் புரட்டவில்லை. மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்குவது அரசப் பணியாகுமா என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். ஆயினும் அவ்வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அரசாங்கம் பயன்படுத்திய அச்சட்டப் பிரிவு, பேட்டன்ட் உடையவருக்கு ஈடு தரவும் வழி வகுத்திருந்தது. கண்டறிந்தவனுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மலிவான இடத்தில் வாங்குவதைத் திருட்டு என்பது எங்ஙனம் பொருந்தும்?

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. வாங்கிய நாம் விற்பவரானோம். விலை குறைந்த மருந்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வழி செய்த தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, 39 மருந்து நிறுவனங்கள் வழக்காடின. ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விலைபோன எய்ட்ஸ் மருந்துத் தொகுதியை, 2001 பிப்ரவரியில் பம்பாயின் சிப்லா நிறுவனம் ஒரு தொண்டு நிறுவனத்திற்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நிறுவனங்கள் வழக்கைக் கைவிட்டன.

யாவரும் மலிவையே நாடினால் புதிய மருந்தை ஆராயப் பணம் யார் தருவார் என்னும் வாதத்தை நான் எள்ளி ஒதுக்கவில்லை. செல்வ நாடு சிறிய நாட்டின் சரக்கை அள்ளிக்கொண்டால் அங்குள்ள நோயாளி என்ன செய்வான் என்பதும் நியாயமான கேள்வியே. பற்றாக்குறையை விளைவிக்குமாயின் மருந்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று 2020 நவம்பரில் கனடா ஆணையிட்டது இவ்வச்சத்தினால்தான்.

என்னை மிகவும் உறுத்துவது இவ்விரண்டுமல்ல. 1972-இல் சென்னையில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த மருந்தை அருந்திக் குழந்தைகள் மாண்டனர். 2022 அக்டோபரில், காம்பியா நாட்டில் காணப்பட்ட இந்திய இருமல் மருந்துகளில் அதே நச்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. கடல் கடந்தோ மாநில எல்லை கடந்தோ மருந்து வாங்கும் தாய், அது காய்ச்சப்பட்ட ஆலையைக் காணமாட்டாள். அவளுக்காகக் காண வேண்டிய கண் அரசாங்கச் சோதனையாளருடையது. மலிவு என்பதற்காக அக்கண் மூடப்படுமாயின், நாம் விற்றது மருந்தாகாது.

அம்மையாரிடம் இவ்வளவும் கூறவில்லை. மருத்துவர் எழுதித் தந்த சீட்டையும் கடைக்காரரின் ரசீதையும் உடன் வைக்கச் சொல்லி, அட்டையின் பின்புறத்திலிருந்த தயாரிப்பாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகப் படித்தார். எழுத்து அழிந்திருந்த இரண்டை மட்டும் எடுத்து மேசைமேல் தனியே வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.