இரண்டு சென்டிமீற்றர் மேலே, இரண்டு சென்டிமீற்றர் பக்கத்தில்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியம் வைக்கத் தொடங்கி ஒரு தலைமுறை போன பிறகும், கட்டிக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேருது எண்டு வைத்தியர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பெருக்கல் கணக்குத்தான்: எத்தனை மில்லிகிராம் ரேடியம், எத்தனை மணித்தியாலம். 50 மில்லிகிராமை 100 மணித்தியாலம் வைத்தால் 5000. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உள்ளே வைத்த ரேடியத்தின் கணக்கு. ரேடியத்திலிருந்து கொஞ்சம் விலகினாலே கதிர் மளமளவெண்டு குறைந்துவிடும். ஒரே எண்ணைப் பெற்ற இரண்டு பெண்களில் ஒருவருக்கு நோய் திரும்பி வரலாம்; மற்றவருக்குச் சிறுநீர்ப்பையோ மலக்குடலோ புண்ணாகலாம்.

1938 இல் மன்செஸ்டரில் மார்கரெட் ரொட் என்ற பெண் வைத்தியரும் வில்லியம் மெரடித் என்ற பௌதிகவியலாளரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். யோனியின் மேல் மூலையிலிருந்து 2 சென்டிமீற்றர் மேலே, கருப்பையின் நடுக்கால்வாயிலிருந்து 2 சென்டிமீற்றர் பக்கத்தில் ஒரு புள்ளி. பெயர் 'ஏ'. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயைக் கருப்பை நாடி கடந்துபோகும் இடம் அதற்குக் கிட்டத்தான். அந்த இடம் தாங்கக்கூடியதே சிகிச்சையின் எல்லை எண்டு அவர்கள் நினைத்தார்கள். அங்கே 8000 ரொண்ட்ஜன் போய்ச் சேர வேண்டும், இரண்டு தவணையாக. ஒவ்வொரு தவணையும் கிட்டத்தட்ட மூன்று நாள். அந்த மூன்று நாளும் ரேடியத்தை உள்ளே வைத்தபடி கட்டிலில் கிடக்க வேண்டும். கணக்குகளை வாசிக்கிறபோது இதை மறந்துவிடுகிறோம்.

ஒரு சிக்கல் இருந்தது. யோனியின் மூலை எக்ஸ்ரே படத்தில் தெரியாது. அதனால் 1953 இல் கருப்பைக்குள் வைக்கும் குழாயின் கீழ் முனையிலிருந்து அளக்கச் சொன்னார்கள். வசதியான திருத்தம்தான். ஆனால் அதோடு புள்ளி பெண்ணின் உடம்பை விட்டுக் கருவியோடு ஒட்டிக்கொண்டது எண்டுதான் எங்களுக்குப் படுகிறது. கட்டி சிறிதோ பெரிதோ, ஒரு பக்கம் சரிந்ததோ, புள்ளி அதே இடத்தில்தான். எக்ஸ்ரேயில் கட்டியே தெரியாதபோது வேறென்ன செய்வது!

1960 இல் உல்ரிச் ஹென்ஷ்கே அமெரிக்காவில் வெறுங்குழாயை முதலில் வைத்து, கதிர் மூலத்தைப் பிறகு ஏற்றும் முறையை வெளியிட்டார். வைத்தியருக்கும் தாதியருக்கும் படும் கதிர் குறைந்தது. படம் எடுத்துக் கணக்குப் பார்க்க அவகாசமும் கிடைத்தது.

கட்டியைக் கண்ணால் பார்த்துத் திட்டமிட எம்.ஆர்.ஐ. வரவேண்டியிருந்தது. 2005, 2006 இல் ஐரோப்பிய வைத்தியர்கள் அதற்கான பொது விதிகளை எழுதினார்கள். கருவி உள்ளே இருக்கும்போதே ஸ்கான் எடுத்து, மிச்சமிருக்கும் கட்டியைக் கோடு போட்டு வரைந்து, அதன் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைப்பது. கட்டி ஒரு பக்கம் நீண்டிருந்தால் அந்தப் பக்கம் ஊசிகளையும் சேர்ப்பார்கள். 2008 இல் தொடங்கிய எம்பிரேஸ் ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 1341 பெண்களில், ஐந்து வருடத்தின் பிறகும் நோய் வந்த இடத்தில் கட்டுப்பட்டிருந்த வீதம் 92. பழைய முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. ஆனாலும் சின்ன எண் இல்லை.

'ஏ' புள்ளி இன்னும் ஓய்வு பெறவில்லை. எம்.ஆர்.ஐ. கிடைக்காத இடங்களில் இப்பவும் அதை வைத்தே கதிர் கொடுக்கிறார்கள். 2022 இல் இந்த நோயால் உலகில் இறந்த ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பெண்களில் 94 வீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.