சில்வா, மரீனா (1958– )

பிரேசில் நாட்டு அரசியல் தலைவர். அமேசான் காடுகளின் பாதுகாப்பை ராஜாங்க நிர்வாகத்தின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக்கப் பாடுபட்டவர். 2003 முதல் 2008 வரையிலும், 2023இல் மறுமுறையும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் மந்திரிப் பதவியை ஏற்றவர். காட்டைக் காப்பதும் காட்டை நம்பி ஜீவிக்கும் ஏழை மக்களைக் காப்பதும் ஒரே காரியம் என்னும் கொள்கையே அவருடைய பொதுவாழ்வின் அடிப்படை.

இளமை: பொலிவியாவையும் பெருவையும் அடுத்துள்ள ஆக்ரி மாநிலத்தில், ரப்பர் மரங்கள் நிறைந்த பகாசோ என்னும் காட்டுப் பகுதியில், 1958 பிப்ரவரி 8ஆம் நாள் பிறந்தார். வறட்சி மிகுந்த வடகிழக்குப் பிரதேசத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த அவருடைய பெற்றோர்க்குப் பிறந்த பதினொரு குழந்தைகளுள் எண்மரே பிழைத்தனர். அங்குள்ள ரப்பர் மரங்கள் வரிசையாக நட்டு வளர்த்தவை அல்ல. பெருங்காட்டினூடே தாமாக முளைத்து, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் அம்மரங்களைத் தேடி, விடியுமுன் புறப்பட்டு ஒற்றையடிப் பாதையில் நெடுந்தூரம் நடந்து, பட்டையைக் கீறிப் பாலெடுத்து, அதை முதலாளியிடமே விற்று, வீட்டுக்கு வேண்டிய சாமான்களை அவரிடமே கடனாக வாங்கி, அடைபடாத அக்கடனிலேயே ஆயுளைக் கழிப்பது பால்வெட்டுக் குடும்பங்களின் நிலையாயிருந்தது. சிறுமியான மரீனாவும் தந்தையோடு இத்தொழிலைச் செய்தார். பதினாறாம் வயதில் நோய்க்குச் சிகிச்சை பெற மாநிலத் தலைநகரான ரியோ பிரான்கோ சென்றபோது அவருக்கு எழுத்தறிவு இல்லை. வீட்டு வேலை செய்துகொண்டே முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று, சில ஆண்டுகளிலேயே ஆக்ரிப் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பாடத்தில் பட்டம் பெற்றார்.

பொதுவாழ்வு: இராணுவ ஆட்சிக் காலத்தில் அமேசானில் சாலைகள் இடப்பட்டு, மாட்டுப் பண்ணைகளுக்குச் சலுகைகள் வழங்கப்பட்டபோது, காடு வெட்டப்பட்டுப் பால்வெட்டுத் தொழிலாளர் குடியிருப்பு இழந்தனர். அவர்கள் ஆண், பெண், குழந்தைகள் என அனைவருமாகத் திரண்டு சென்று, மரம் வெட்ட வந்தவர்களின் முன் ஆயுதமின்றி நின்று வேலையைத் தடுக்கும் முறை 'எம்பாட்டே' எனப்பட்டது. இவ்வியக்கத்தின் தலைவரான சிகோ மென்டிஸோடு சேர்ந்து மரீனா 1980களில் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். 1988இல் ரியோ பிரான்கோ நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஷபூரி ஊரில் தம் வீட்டருகிலேயே மென்டிஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். மரங்களை வீழ்த்தாமல் பாலும் கொட்டைகளும் சேகரித்து மக்கள் வாழ்வதற்கென ஒதுக்கப்படும் காப்புநிலங்கள் வேண்டும் என்னும் அவருடைய கோரிக்கை 1990இல் சட்டபூர்வமாயிற்று. அவர் பெயரால் அமைந்த காப்புநிலம் ஏறத்தாழ 9,70,000 ஹெக்டேர் பரப்புடையது. மரீனா 1990இல் மாநிலச் சட்டசபைக்கும், 1994இல் தம் 36ஆம் வயதில் செனட் சபைக்கும் தேர்வு பெற்றார். 1996இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

மந்திரி பதவி: 2003 ஜனவரியில் ஜனாதிபதி லூலா அவரை மந்திரியாக்கினார். அமேசானில் அழிக்கப்பட்ட காட்டின் பரப்பு 2004இல் ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர். அதுவரை ஆண்டுதோறும் அளந்து வெளியிடப்பட்ட கணக்கு, வெட்டு முடிந்தபின் இழப்பைச் சொல்ல உதவிற்றேயன்றி வெட்டைத் தடுக்க உதவவில்லை. ஆகவே தேசிய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உடனுக்குடன் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு 2004இல் தொடங்கியது. அதே ஆண்டில் பல மந்திரி இலாகாக்களையும் ஒருங்கே பொறுப்பாக்கிய தடுப்புத் திட்டமும் வகுக்கப்பட்டது. காட்டிலாகா அதிகாரிகளும் போலீஸாரும் சேர்ந்து சோதனை நடத்தினர். 2005இல் மாட்டோ குரோசோ மாநிலத்தில், கள்ள மரத்துக்கு அனுமதிச்சீட்டு வழங்கிய அரசாங்க ஊழியர்களே கைதாயினர். 2 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெட்டு மிகுந்த நகராட்சிகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கவும், சட்டத்தை மீறிய நிலத்துக்கு வேளாண் கடன் மறுக்கவும் 2007, 2008ஆம் ஆண்டுகளில் விதிகள் வந்தன. 2007இல் அழிவு ஏறத்தாழ 11,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அத்திட்டம் தொடர்ந்து நடந்தமையால் 2012இல் அது 4,600 அளவுக்கு இறங்கிற்று.

எனினும், மரபணு மாற்றிய சோயா, மடெய்ரா ஆற்று அணைகள் முதலியவற்றில் அவருடைய ஆட்சேபம் அரசாங்கத்தில் எடுபடவில்லை. அமேசான் அபிவிருத்தித் திட்டத்தின் பொறுப்பு வேறொரு மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டதும், 2008 மே மாதத்தில் ராஜிநாமா செய்தார்.

தேர்தல்கள்: 2009இல் தொழிலாளர் கட்சியை விட்டுப் பசுமைக் கட்சியில் சேர்ந்து, 2010 ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 1.96 கோடி வாக்குகள் பெற்று மூன்றாமிடத்தில் வந்தார். 2014இல் சோஷலிஸ்டுக் கட்சி வேட்பாளர் எட்வார்டோ காம்போஸ் விமான விபத்தில் இறந்ததால், அவருக்குப் பதிலாக நின்று 2.2 கோடிக்கும் மேல் பெற்றார். 2018இல் ஒரு சதவீதமே கிடைத்தது. 2022இல் சாவோ பாவுலோவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, லூலாவோடு மீண்டும் இணைந்தார்.

இரண்டாம் முறை: 2021இல் ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டராக உயர்ந்திருந்த அழிவு, 2023இல் அவர் திரும்பி வந்து பழைய திட்டத்தைப் புதுப்பித்தபின், 2024இல் ஏறத்தாழ 6,300ஆகக் குறைந்தது. ஆயினும் பெருநிலக்காரர்களின் செல்வாக்கு மிகுந்த பாராளுமன்றம் 2023இல் அவருடைய இலாகாவின் அதிகாரங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டது. 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளைத் தளர்த்தும் சட்டத்தையும், அவருடைய கடுமையான எதிர்ப்பைப் பொருட்படுத்தாது நிறைவேற்றிற்று. அவ்வாண்டு நவம்பரில் உலகப் பருவநிலை மாநாடு அமேசான் நகரமான பெலேமில் கூடியது.

மதிப்பீடு: மக்கள் தம் உடலையே தடையாக நிறுத்திய ஒரு போராட்டத்தின் நோக்கத்தை, செயற்கைக்கோள், சட்டம், கடன் விதி என்னும் அரசாங்கக் கருவிகளால் நிறைவேற்றிக் காட்டியதே மரீனா சில்வாவின் தனிச் சாதனை. காடழிவு தடுக்கவொண்ணாத விதியன்று, ஆட்சியின் சித்தத்தைப் பொறுத்த விஷயமே என்பதைக் குறைந்தும் கூடியும் மறுபடி குறைந்தும் வந்த மேற்கண்ட எண்கள் ஐயமற நிலைநாட்டுகின்றன. அச்சித்தம் தளர்ந்த ஆண்டுகளில் அழிவு உடனே தலைதூக்கிற்றாதலின், ஒருவருடைய பதவிக்காலத்தைச் சாராத உறுதியான சட்டங்களும் விழிப்புள்ள வாக்காளர்களும் இன்றி இச்சாதனை நிலைபெறுவதற்கில்லை.